ஆறு இலக்கமும் ஒரு கிரீம் பன்னும்

எங்கள் வீட்டுப் பணத்துக்கு இனிமேல் நானே பூட்டு, நானே சாவி என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அறிவித்தேன். அறிவிப்பைக் கேட்க வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆள். அவளும் தையல் மிஷினை நிறுத்தவில்லை.

நான் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கடை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மாடிப்படிக்குக் கீழே ஆறடிக்கு நாலடி. இருபத்தாறு வருஷமாக அதற்குள் குனிந்து உட்கார்ந்து சாவி அராவிக்கொண்டிருக்கிறேன். எந்தப் பூட்டாக இருந்தாலும் சரி, வளைத்த கம்பி ஒன்று போதும், இரண்டு நிமிஷத்தில் வாயைத் திறக்க வைத்துவிடுவேன். அப்படிப்பட்டவனுக்குச் சொந்த வீட்டுப் பணத்தின் சாவி மட்டும் கையில் இல்லை. பேங்குக்குப் போவது என் மனைவி. வரிசையில் நிற்பது அவள். எடுப்பது அவள். தினமும் காலையில் என் சட்டைப் பையில் டீக்கும் பஸ்ஸுக்கும் சரியாக எண்ணி வைப்பதும் அவள்.

எல்லாவற்றையும் போனிலேயே வைத்துக்கொண்டால் உனக்கு அலைச்சல் மிச்சம் என்றேன். அது வெளியில் சொன்ன காரணம்.

உள்ளே வேறு காரணம் இருந்தது. அது உருண்டையாக இருக்கும். நடுவில் வெள்ளையாக இருக்கும். கடித்தால் மீசையில் ஒட்டும். என் கடையிலிருந்து நாலாவது கடை பேக்கரி. அங்கே மாலை நாலு மணிக்குக் கிரீம் பன் வெளியே வரும். எனக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் இனிப்பை ஒரு விரலால் காட்டி, அடுத்த விரலால் கதவைக் காட்டிவிட்டார். டீக்கும் பஸ்ஸுக்கும் எண்ணி வைத்த காசில் பன் வாங்கினால் வீட்டுக்கு நடந்து வர வேண்டும். நடந்து வந்தால் ஏன் நடந்து வந்தீர்கள் என்ற கேள்வி வரும். போனில் பணம் கட்டினால் அந்த வம்பே இல்லை. சில்லறை இல்லை, கணக்கு இல்லை, சாட்சி இல்லை. இப்படித்தான் நான் நினைத்தேன்.

பேங்கில் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்த ஓர் அதிகாரி அம்மா என் போனை வாங்கி எதையெதையோ தட்டினார். கட்டை விரலை வைக்கச் சொன்னார். வைத்தேன். போன் என்னைத் தெரியாது என்றது. ஆள்காட்டி விரல், நடு விரல் என்று வரிசையாக வைத்துப் பார்த்தோம். பத்து விரலும் எனக்குச் சொந்தமில்லை என்று போன் அடித்துச் சொல்லிவிட்டது. இருபத்தாறு வருஷம் அரம் பிடித்ததில் சாவியோடு சேர்த்து ரேகையையும் அராவியிருக்கிறேன்.

அதனால் பின் நம்பர் போட்டுக்கொடுத்தார். அதை யாரிடமும் சொல்லக் கூடாது, போனுக்கு வருகிற ஆறு இலக்க நம்பரையும் சொல்லக் கூடாது, பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று யாராவது கேட்டாலும் சொல்லக் கூடாது, ஏன், வீட்டில் இருப்பவர்களிடம்கூடச் சொல்லக் கூடாது என்றார். கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். பெண்டாட்டியிடம் சொல்லாதே என்று ஒரு பொறுப்பான இடத்திலிருந்து எனக்கு வந்த முதல் உத்தரவு அது.

வீட்டுக்கு வந்து உத்தரவை அப்படியே வாசித்தேன். பின் என்று சொன்னதும், எத்தனை வேண்டும், டப்பா நிறைய இருக்கிறது என்று அவள் குண்டூசி டப்பாவை நீட்டினாள். இது அந்தப் பின் இல்லை, ரகசியப் பின் என்றேன். சொன்னால் உனக்குப் புரியாது என்றும் சேர்த்துக்கொண்டேன். அவள் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். வாயில் இரண்டு குண்டூசி இருந்ததால் பதில் வரவில்லை. பதில் வராததை நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் மூன்று நாள் சொர்க்கம். பின் போட்டேன், பன் தின்றேன், பின் மீசையைத் துடைத்தேன்.

நாலாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டில் வழக்கத்தில் பாதிதான் விழுந்தது. ஏன் என்று கேட்டேன். இன்றைக்கு இரண்டு ஆகிவிட்டது, இது போதும் என்றாள். எது இரண்டு என்று கேட்டேன். அது உங்களுக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை மூடினாள்.

அன்றைக்கு நான் இரண்டு பன் தின்றிருந்தேன்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சட்டையை முகர்ந்து பார்த்தேன். மீசையைக் கண்ணாடியில் பார்த்தேன். பேக்கரிக்காரர் மேல் சந்தேகம் வந்தது. அவருக்கு என் வீடே தெரியாது. மறுநாள் பன்னைக் காகிதத்தில் சுற்றி வந்து, கடையைச் சாத்திக்கொண்டு, இருட்டில் தின்றேன். வீட்டுக்குப் போனதும், நாலு பத்துக்குத்தானே சாப்பிட்டீர்கள், ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள் என்றாள். நேரம் உட்பட.

போனில் இருக்கும் கேமராதான் காட்டிக்கொடுக்கிறது என்று முடிவு செய்து அதன் கண்ணில் கறுப்பு டேப் ஒட்டினேன். பின் நம்பரை மாற்றினேன். மாற்றியதை மறந்தேன். மறுபடியும் மாற்றினேன். கடைசியாக இரண்டு தெரு தள்ளி ஒரு புதிய பேக்கரிக்குப் போய், தூணுக்குப் பின்னால் நின்று, ஒரே ஒரு பன் தின்றேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "புதுக் கடையில விலை அதிகம் போலிருக்கே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பன்னில் ஏதாவது கருவி வைத்திருக்கிறார்களோ என்றுகூட யோசித்தேன். வயிற்றைத் தடவிப் பார்த்தேன்.

பேங்குக்கு ஓடினேன். என் கணக்கில் திருடன் புகுந்துவிட்டான், பணத்தை எடுக்காமல் வேவு மட்டும் பார்க்கிறான் என்று அதிகாரி அம்மாவிடம் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். பணம் போனதும் செய்தி போகிற நம்பர் இதுதானே என்று திரையைத் திருப்பிக் காட்டினார். கடைசி இரண்டு எண் நாற்பத்தேழு. அது என் நம்பர் இல்லை. என் மனைவியின் நம்பர்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் இருவர் பேரிலும் அந்தக் கணக்கைத் தொடங்கினோம். விண்ணப்பத்தில் போன் நம்பர் என்று ஒரு கட்டம் இருந்தது. பேங்க்காரர்கள் நேரங்கெட்ட நேரத்தில் கூப்பிட்டுத் தொல்லை கொடுப்பார்கள், அது அவளுக்கே போகட்டும் என்று அவள் நம்பரை எழுதியவன் நான்தான். ஒவ்வொரு பன்னும் கடைப் பேரோடு, விலையோடு, மணி நிமிஷத்தோடு அவள் போனுக்குப் போயிருக்கிறது. பன் என் வயிற்றுக்குப் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே செய்தி அவளிடம் சேர்ந்திருக்கிறது.

நம்பரை மாற்ற வழி உண்டா என்று கேட்டேன். ரொம்பச் சுலபம், நீங்களே போனில் செய்துகொள்ளலாம் என்றார். மாற்றச் சொல்லித் தட்டினால் பழைய நம்பருக்கு ஆறு இலக்கம் ஒன்று வரும். அதை இதில் போட்டால் முடிந்தது. பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்களாம். யாருடைய பாதுகாப்புக்கு என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சாதாரணமாகக் கேட்டுப் பார்த்தேன். உன் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைக் கொஞ்சம் சொல்லு என்றேன். அவள் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. வீட்ல இருக்கறவங்களுக்கும்கூட கூடாதுன்னு ரெண்டு தடவை சொன்னீங்க."

நான் சொன்ன சட்டம். அவள் குளிக்கப் போன நேரத்தில் போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது புள்ளி வந்தது. கோடு போட்டால்தான் திறக்குமாம். ஊர்ப் பூட்டையெல்லாம் திறந்தவன் ஒன்பது புள்ளியின் முன்னால் தோற்று, போனை வைத்த இடத்திலேயே வைத்தேன்.

இதற்கு நடுவில் எனக்கு வாழ்நாளில் வராத ஆர்டர் ஒன்று வந்தது. புதிதாகக் கட்டிய விடுதி ஒன்றுக்கு நூற்று நாற்பது பூட்டு. மொத்த வியாபாரி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அட்வான்ஸ் அனுப்பினால்தான் சரக்கு, இல்லாவிட்டால் வேறு கடைக்குப் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். போனில் ஒரு நிமிஷ வேலை. அதனால் அவசரமில்லை என்று இருந்தேன். வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கடையில் ஆளில்லை. அந்த ஓய்வில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

பக்கத்துக் கடை பஞ்சர்க்காரரிடம் போனை இரவல் வாங்கினேன். என் போனில் நம்பரை மாற்றும் இடத்தைத் தட்டினேன். பிறகு டயர் அடுக்குக்குப் பின்னால் போய், வாய்மேல் துண்டைப் போட்டு, குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்து, என் மனைவியைக் கூப்பிட்டேன்.

"வணக்கம் மேடம். பேங்க்ல இருந்து பேசறேன்."

மிஷின் சத்தம் நின்றது. பிறகு குரல் வந்தது. அவ்வளவு மரியாதையான குரலை நான் அந்த வீட்டில் கேட்டதில்லை.

"சொல்லுங்க சார்."

"உங்களுக்கு இப்ப ஆறு இலக்க நம்பர் ஒண்ணு வந்திருக்கும். அதைச் சொன்னீங்கன்னா உங்க கணக்கு இன்னும் பாதுகாப்பா ஆயிடும்."

"தாராளமா சொல்றேன் சார். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன சந்தேகம். எங்க வீட்டுக்காரர் தினம் ஒரு பேக்கரிக்குப் பணம் அனுப்பறார். அவருக்குச் சர்க்கரை. அதை பேங்க்லயே நிறுத்தி வைக்க வழி இருக்கா?"

"அது எங்க அதிகாரத்துல வராது மேடம்."

"நீங்க பெரிய அதிகாரின்னு குரல்லயே தெரியுது. உங்களால முடியாததா?"

என்னைப் பெரிய அதிகாரி என்று யாரும் சொன்னதில்லை. கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். பார்க்கலாம் மேடம் என்றேன்.

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கா சார்?"

"இருக்கு."

"மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"

"இன்னிக்குக் காலைல மறந்துட்டேன்."

"அப்படி விடாதீங்க சார். சட்டைப் பையில பாருங்க, இருக்கும்."

கை தானாகப் பைக்குப் போயிற்று. மாத்திரை இருந்தது. ஊரில் எல்லாப் பெண்டாட்டியும் சட்டைப் பையில்தான் மாத்திரை வைப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பஞ்சர்க்காரரின் குடத்துத் தண்ணீரில் போட்டுக்கொண்டேன். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் பெரிய அதிகாரியாக இருக்கும்போது ஒரு கேள்வி கேட்டுவிடலாம் என்று ஆசை வந்துவிட்டது.

"உங்க வீட்டுக்காரர் எப்படி மேடம், நல்லவரா?"

"ரொம்ப நல்லவர் சார். ஆனா கொஞ்சம்..."

"கொஞ்சம்?"

"வாசல்ல யாரோ கூப்பிடறாங்க. நம்பரை எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன். போனில் போட்டேன். தவறு என்றது. மறுபடியும் கூப்பிட்டேன். அது மின்கட்டண ரசீது நம்பர், கண்ணாடி போடாமல் படித்துவிட்டேன் என்று வருத்தப்பட்டாள். அடுத்து இருபத்தாறு, முப்பத்தெட்டு, பதினாலு என்றாள். போட்டேன். தவறு. மூன்றாவது முறை கூப்பிட்டபோது, முன்னது ஒரு கால்சட்டை அளவு சார், மன்னிக்கணும், இடுப்பும் நீளமும் கால் அகலமும் என்று விளக்கினாள். இப்போது சொல்வது நிச்சயம் சரி என்று நிதானமாக ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். நானும் ஒவ்வொன்றாக அழுத்தினேன்.

திரை சிவந்தது. உங்கள் பாதுகாப்புக்காகக் கணக்கு பூட்டப்பட்டது, நேரில் வரவும் என்று இருந்தது.

கணக்கு பூட்டிக்கொண்டால் அட்வான்ஸ் போகாது. அட்வான்ஸ் போகாவிட்டால் நூற்று நாற்பது பூட்டு போயிற்று. கம்பியை விட்டுத் திறக்கப் போனில் ஒரு துளைகூட இல்லை. பேங்குக்குப் போன் செய்தால், கணக்கில் பேர் இருக்கும் இருவரும் வர வேண்டும் என்கிறார்கள். வீட்டுக்கு ஓடினேன். கணக்கு தானாகவே பூட்டிக்கொண்டுவிட்டது, என்ன மாயம் என்றே தெரியவில்லை என்று அவளிடம் சொன்னேன். அடடா என்றாள். ஏற்கெனவே புடவை மாற்றிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது ஏன் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

பேங்கில் அதிகாரி அம்மா திரையைப் பார்த்தார். யாரோ மூன்று முறை தவறான நம்பர் போட்டிருக்கிறார்கள், இருவரும் கையெழுத்துப் போட்டாலும் நாளைக்குத்தான் திறக்கும் என்றார். வரிசையில் நின்றதிலேயே நேரம் போயிருந்தது. மணி மூன்றரை. என் மனைவி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"காலைல ஒருத்தன் பேங்க்ல இருந்து பேசறேன்னு என்கிட்ட நம்பர் கேட்டான் மேடம். மூணு தடவையும் தப்பாவே சொல்லிட்டேன். சரிதானே?"

அதிகாரி அம்மா எழுந்தே நின்றுவிட்டார். பக்கத்து மேஜைக்காரர்களைக் கூப்பிட்டார். காசாளர்கூடக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். படித்தவர்களே ஏமாந்து போகிறார்கள், இந்த அம்மாவைப் பாருங்கள் என்றார்கள். இப்படி ஒருத்தர் வீட்டில் இருக்கும்போது உங்களுக்கு என்ன பயம் சார் என்று என் தோளைத் தட்டினார்கள். நானும் தலையாட்டினேன். என் பயம் என்ன என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஐந்து மணி அட்வான்ஸ் விஷயத்தை மெதுவாக அவள் காதில் சொன்னேன். தொகை எவ்வளவு, வியாபாரியின் நம்பர் என்ன என்று கேட்டாள். சொன்னேன். போனை எடுத்தாள். ஒன்பது புள்ளியில் ஒரு கோடு, நாலு தட்டு. போய்விட்டது, உங்கள் வியாபாரியைக் கேளுங்கள் என்றாள். கேட்டேன். வந்துவிட்டது என்றார்.

அவள் தைத்துக் கொடுக்கும் சீருடைக் கடைக்காரர் தையல் கூலியை இரண்டு வருஷமாகப் போனில்தான் போடுகிறாராம். அவளுக்கென்று தனிக் கணக்கு, தனி பின், எல்லாம் இருக்கிறதாம். பின் என்றதும் டப்பாவை நீட்டினாயே என்று கேட்டேன். நீங்கள் அவ்வளவு ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள், கெடுக்க மனசு வரவில்லை என்றாள்.

அதற்குள் அதிகாரி அம்மா ஒரு புகார்ப் படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். எழுதி மூன்றாம் கவுண்டரில் கொடுங்கள், போலீசுக்கு அனுப்புகிறோம், இந்த மாதிரி ஆட்களை விடவே கூடாது என்றார். என் மனைவி படிவத்தை என் பக்கம் தள்ளினாள். உங்கள் கையெழுத்துதான் அழகாக இருக்கும், நீங்களே எழுதுங்கள் என்றாள். எழுதினேன். அவள் சொல்லச் சொல்ல, கூப்பிட்ட நேரமும் அந்த ஆள் பேசிய பேச்சும் ஒன்று விடாமல் எழுதினேன். பேசியவரைப் பற்றிய விவரம் என்று ஒரு பகுதி வந்தது.

"ஆண்னு போடுங்க. வயசு ஐம்பத்திரண்டு."

என் வயது. குரலை வைத்து வயதை அவ்வளவு சரியாகவா சொல்ல முடியும் என்று கேட்டேன்.

"பழகின குரல்னா சொல்லலாம். அடையாளம்னு இருக்கே, அதுல போடுங்க. சர்க்கரை உண்டு. காலை மாத்திரையை மறந்துடுவார். பதினொண்ணு இருபதுக்குப் போட்டுக்கிட்டார்."

பேனா நின்றது. அன்றைக்குக் காலையிலிருந்து நான் பார்த்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் தலைக்குள் வந்து உட்கார்ந்தது. மாற்றின புடவை, மடியில் கைப்பை, சட்டைப் பை. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்க. மேடம் பார்க்கறாங்க."

எழுதினேன். பேர் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விடச் சொன்னாள். கீழே சாட்சி என்று ஓர் இடம் இருந்தது. அதில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன். அவள் தாளை வாங்கி ஒரு தடவை படித்து, நாலாக மடித்துக் கைப்பையின் உள்ளறையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். மூன்றாம் கவுண்டர் அந்தப் பக்கம் என்று ஈனக் குரலில் காட்டினேன்.

"தெரியும். இன்னிக்கு வேண்டாம். தேதி போட்டுட்டீங்களா?"

"இன்னும் போடலை."

"போடாதீங்க. எப்ப போடணும்னு நான் சொல்றேன்."